சாப்பிடாத பிள்ளையின் எடை

பாக்கெட்டின் மேல் நானூறு கிராம் என்று போட்டிருந்தது. தராசுக்காரர் அதைப் பிரித்து, உள்ளே இருந்த கிரனோலா என்ற வறுத்த தானியக் கலவையைத் தட்டில் கொட்டி நிறுத்தார். முந்நூற்று அறுபத்திரண்டு. தட்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் நிறுத்தார். அதே முந்நூற்று அறுபத்திரண்டு. கடைசியில் காலி அட்டைப்பெட்டியையும் தூக்கித் தட்டின் மேல் வைத்தார்.

"அட்டையையும் சேர்த்துத் தின்னாக்கூட பன்னெண்டு கிராம் குறையுது," என்றார்.

"கோந்து காஞ்சிருக்கும். விடுங்க," என்றாள் மனைவி.

விடக்கூடிய ஆளாக இருந்தால் அவர் வேறு தொழிலுக்குப் போயிருப்பார். எடை இயந்திரங்களைப் பிரித்து, துடைத்து, சரியாக்கி, ஈயப்பொட்டில் தன் எண்ணைக் குத்தி முத்திரை வைப்பது அவர் வேலை. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை வைக்கும் தட்டிலிருந்து தபால் ஆபீஸ் மேடைவரை ஊரில் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு தராசுகள். அத்தனையிலும் அவர் பொட்டுதான். கல்யாண வீட்டில் சாப்பாடு பிரமாதம் என்று பொய் சொல்லுவார். மேலதிகாரியின் கவிதை நன்றாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். எடையில் மட்டும் நாக்கு வளையாது.

எனவே காலிப்பெட்டியை ஒரு உறையில் போட்டு, முப்பத்தெட்டு கிராம் எங்கே என்று கேட்டு ஒரு கடிதமும் எழுதி, கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார். அந்தப் பெட்டியை அனுப்பியதுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

"இனிமே நானே செஞ்சுடறேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேடையில் வரிசையாகக் கிண்ணங்கள் உட்கார்ந்தன. ஓட்ஸ் முந்நூறு. கத்தியால் ஒன்றிரண்டாக நறுக்கிய பாதாம் எண்பது. பூசணி விதை நாற்பது. தேன் அறுபது. எண்ணெய் நாற்பத்தைந்து. உப்பு மூன்று. மூன்று கிராம் உப்பை நிறுப்பதற்குக் வேலையிடத்திலிருந்து தங்கம் நிறுக்கும் தராசைக் கொண்டுவந்திருந்தார். பட்டைத்தூளை மட்டும் மனைவி அவர் பார்க்காதபோது விரலால் அள்ளிப் போட்டுவிட்டாள். எல்லாவற்றையும் பிசறி, தட்டில் பரப்பி, கரண்டியின் முதுகால் அழுத்தி, ஓவன் அடுப்புக்குள் தள்ளினார். சூடு மெதுவாக. நடுவில் ஒரே ஒரு முறை கிளறல்.

"எடுக்கலாமாப்பா?" என்று மகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாள். எட்டு வயது. கொட்டை, விதை எது கிடைத்தாலும் முன்பல்லில் வைத்துக் கொறிப்பாள் என்பதால் வீட்டில் அவள் அணில்.

"எடுத்ததும் தொடக்கூடாது. ஆறணும். ஆறினாத்தான் கட்டி கட்டியா நிக்கும்."

ஆறியது. உடைத்தபோது மெல்லிய ஓடு உடைகிற சத்தம் வந்தது. வீடு முழுக்க வறுத்த தேன் வாசனை. தராசுக்காரர் முதலில் செய்த காரியம் அதை நிறுத்ததுதான். உள்ளே போனது ஐந்நூற்று இருபத்தெட்டு. வெளியே வந்தது நானூற்றுத் தொண்ணூறு.

"பாத்தியா, முப்பத்தெட்டு கிராம் ஆவியாப் போச்சு. கம்பெனிக்காரன் பாக்கெட்லயும் அதே முப்பத்தெட்டு."

"அவன்கிட்ட ஆவியாப் போனது நேர்மைங்க," என்றாள் மனைவி, திராட்சையை மேலே தூவிக்கொண்டே. திராட்சையை முன்பே போட்டால் கருகிவிடும்.

அணிலின் கிண்ணத்துக்கு நாற்பத்தைந்து கிராம், அம்மாவுக்கு ஐம்பது, அப்பாவுக்கு அறுபது. பால் ஊற்றும் முன் அணில் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, "எத்தன கிராம்?" என்று கேட்பாள். அவர் தொகையைச் சொன்ன பிறகுதான் முதல் கரண்டி. மறுநாளிலிருந்து அது தினசரி வழக்கமாகிவிட்டது.

அந்த மறுநாள், திங்கட்கிழமை, அணில் பட்டை இல்லாமல் பள்ளிக்கூடம் போனாள்.

பட்டை என்றால் என்ன என்று சொல்லவேண்டும். பதினோரு வருடங்களுக்கு முன், காலையில் வரிசையில் நின்ற பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அரசு மிகவும் வருத்தப்பட்டது. வருத்தத்தின் பலனாகக் காலை உணவு உறுதி இயக்ககம் பிறந்தது. முதல் வருடம் இயக்ககம் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்துப் பார்த்தது. அது சரிப்படவில்லை. பால் கொட்டியது, பாத்திரம் சேர்ந்தது, அதைவிட மோசமாக, இன்று கொடுத்த பிள்ளைகள் நாளையும் பசிக்கிறது என்று வந்து நின்றார்கள். இதற்கு முடிவே இல்லை என்பதைக் கண்டுகொண்ட நிபுணர் குழு, இரண்டாம் வருடம் உணவை விட்டுவிட்டுப் பதிவைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பிள்ளையும் தான் சாப்பிட்ட பாக்கெட்டிலிருந்து கோடு போட்ட பட்டையை வெட்டிக் கொண்டுவர வேண்டும். டீச்சர் அதை இயந்திரத்தில் காட்டுவார். பீப் என்று சத்தம் வரும். பெயருக்கு நேரே "உண்டார்" என்று விழும்.

ஒரு பாக்கெட் பத்து நாளைக்கு வரும், பட்டை ஒன்றுதான். அதனால் பழைய பட்டையையே திரும்பக் கொண்டுவரலாம், கசங்காமல் இருந்தால் போதும் என்று இயக்ககம் சலுகை அளித்திருந்தது. அணிலின் பக்கத்து பெஞ்சுக்காரியிடம் மூன்று வருடமாக ஒரே பட்டைதான், பிளாஸ்டிக் உறை போட்டது. அந்தப் பாக்கெட்டைத் தின்றது அவள் அக்கா. பெஞ்சுக்காரி வாரத்துக்கு இரண்டு முறை மேசையில் தலை சாய்ந்து விழுவாள். அவளுக்கு நேரே "உண்டார்" என்று இருப்பதால் டீச்சர் அதைப் பதிவேட்டில் "உண்ட மயக்கம்" என்று எழுதுவார்.

"பட்டை எங்க?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். இது அப்பா செஞ்சது."

"யாரு செஞ்சாலும் பட்டை இருக்கணும்ல?"

"அப்பாவுக்குப் பட்டை இல்ல டீச்சர்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அந்த இயந்திரத்தில் அவர் இதுவரை அழுத்தியிராத ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார். பீப்புக்குப் பதிலாக, தாழ்ந்த குரலில், நீளமாக ஒரு ஓசை வந்தது. யாரோ கிணற்றுக்குள்ளிருந்து முனகுவதுபோல. அணிலின் பெயருக்கு நேரே விழுந்தது: "உண்ணவில்லை. நாள் 1."

"ஒரு பாக்கெட் வாங்கி பட்டைய வெட்டிக் குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு," என்றாள் மனைவி அன்று மாலை. "அந்தப் பழைய பெட்டியையாவது வச்சிருந்திருக்கலாம். கணக்குக் கேட்டு கம்பெனிக்கு அனுப்பிட்டாரு, துரை."

"தின்னாததத் தின்னேன்னு எழுதச் சொல்றியா? அவ தின்னது நாப்பத்தஞ்சு கிராம். நிறுத்துக் குடுத்தவன் நான்."

"அந்தத் தராச இறக்கி வச்சிட்டு ஒரு நாளாவது மனுஷனா இருங்களேன்!"

அவர் இறக்கி வைக்கவில்லை. ஏழாம் நாள் மஞ்சள் தாளில் ஒரு அறிவிப்பு வந்தது. தங்கள் பிள்ளை ஏழு நாட்களாக உண்ணவில்லை என்பதை இயக்ககம் கவலையுடன் கவனிக்கிறது. ஏழில் இரண்டு நாள் விடுமுறை, இயந்திரம் மூடியிருந்தது. மூடியிருந்த நாட்களில் மற்றப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை உண்டது அப்படியே நீடித்தது. அணிலுக்கு வெள்ளிக்கிழமை உண்ணாதது நீடித்தது. இருபத்தோராம் நாள் சிவப்புத் தாள் வந்தது. அறுபதாம் நாளும் உண்ணவில்லையெனில் பிள்ளை இயக்ககத்தின் 'ஊட்ட இல்லம்' என்னும் விடுதியில் ஆறு மாதம் வைத்துப் பராமரிக்கப்படும். இந்தச் சேவைக்குப் பெற்றோரின் சம்மதம் தேவையில்லை என்ற நற்செய்தியும் அதில் இருந்தது.

மூன்று வீடு தள்ளி ஊட்ட இல்லத்திலிருந்து திரும்பிய ஒரு பெண் இருந்தாள். பூசினாற்போலக் கன்னம், நல்ல நிறம். சாப்பாட்டை முன்னால் வைத்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அவள் அம்மாவுக்கு இரண்டு நாள் புரியவில்லையாம். பிறகு அந்த அம்மா ஒரு பழைய கைக்கடிகாரத்தை வாங்கி, அதில் அலாரம் வைத்து, சாப்பாட்டு நேரத்தில் பீப் என்று அடிக்க விட்டாள். உடனே பெண் சாப்பிட ஆரம்பித்தாள்.

சிவப்புத் தாளைப் பார்த்த அன்று தராசுக்காரரின் மனைவி அந்த மூன்றாவது வீட்டைத் தாண்டும்போது அணிலின் கையை இறுக்கிப் பிடித்தாள். அன்றிரவு தராசுக்காரர், "நாளைக்கே பாக்கெட் வாங்கிடறேன்," என்றார். இருபத்திரண்டு வருட வேலையில் முதல் முறையாக நாக்கு வளைந்தது.

காலையில் அணில் பளபளவென்று புதுப் பட்டை கொண்டுபோனாள். டீச்சர் காட்டினார். பீப் வரவில்லை. கிணற்று ஓசைதான் வந்தது. திரையில் எழுத்து ஓடியது: "நீண்ட பட்டினிக்குப் பின் திடீர் உணவு உயிருக்கு ஆபத்து. பட்டை ஏற்கப்படவில்லை. நாள் 22."

தராசுக்காரர் ஒரு தகர டப்பாவில் நானூறு கிராம் கிரனோலாவை நிறுத்துப் போட்டு, இயக்ககத்துக்கு நேரில் போனார்.

நீண்ட தாழ்வாரம். சுவர் முழுக்கச் சிரிக்கும் குழந்தைகளின் படங்கள்; ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண். கடைசி அறையில் பதிவு அலுவலர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். சட்டை கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. அதைத் தேய்த்தது யார் என்று தராசுக்காரருக்குத் தெரியும். இயக்ககத்தின் சலவை மொத்தமும் தன் மனைவி வேலை செய்யும் சலவைக்கடைக்குத்தான் வரும்.

"இதுதான் சார் எம்பொண்ணு தினமும் சாப்பிடறது," என்று டப்பாவைத் திறந்தார்.

அலுவலர் உள்ளே பார்த்தார். மூக்கு லேசாக விரிந்தது. "இதுல பட்டை இல்ல."

"நான் செஞ்சது சார். ஓட்ஸ், பாதாம், தேன்."

"நீங்க செய்யலாம். செய்யறது உங்க உரிமை. ஆனா பட்டை இல்லாதது எங்க பட்டியல்ல இல்ல. பட்டியல்ல இல்லாதது உணவு இல்ல." ஒரு கட்டியை எடுத்தார். "இப்ப இத நான் வாயில போட்டா..." போட்டார். கறுக்கென்றது. "...நான் எதையும் சாப்பிடல. புரியுதா?"

"நல்லா இருக்கா சார்?"

"எது?" என்றபடி இன்னொன்றை எடுத்தார். "தேன் கொஞ்சம் தூக்கலா இருக்கு. அதாவது, இருந்தா, தூக்கலா இருக்கும்."

"அப்ப பாக்கெட் பட்டையாவது ஏத்துக்கலாமே சார். எம்பொண்ணு நல்லாத்தானே சாப்பிட்டுட்டு இருக்கா."

"இருபத்திரண்டு நாள் பட்டினி கெடந்த குழந்தைக்கு எடுத்த எடுப்புல சாப்பாடு குடுப்பீங்களா? நீங்கல்லாம் ஒரு தகப்பனா?" வாய் நிறைய இருந்ததால் குரல் குழைந்தது. கை டப்பாவுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. "படிப்படியாத்தான் குடுக்கணும். அதுக்கு இல்லத்துல ஆள் இருக்காங்க."

"எப்பத்துலேருந்து குடுப்பாங்க?"

"அறுபதாம் நாளைக்கு அப்புறம். அதுவரைக்கும் அவ பட்டினியா இருக்கறதுதான் பாதுகாப்பு."

பேசி முடித்தபோது தராசுக்காரர் டப்பாவைக் கையால் தூக்கிப் பார்த்தார். அந்தக் கைக்குத் தராசு வேண்டியதில்லை. இருநூற்றுப் பத்து.

"சார், நூத்தித்தொண்ணூறு கிராம் குறையுது."

"ஆய்வு," என்றார் அலுவலர், சட்டைப்பையில் ஒரு பிடியைப் போட்டுக்கொண்டே.

நாற்பத்தைந்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் எடை பார்த்தார்கள். அணில் மேடையில் ஏறி நின்றாள். முன்பு இருபத்திரண்டு கிலோ நானூறு. இப்போது இருபத்து மூன்று கிலோ நூறு. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தராசுக்காரருக்குக் கண் கலங்கியது. அவரே வைத்த ஈயப்பொட்டு மேடையின் ஓரத்தில் மின்னியது.

"எழுநூறு கூடியிருக்கு," என்றார் டீச்சர் சந்தோஷமாக.

பதிவு அலுவலர் அணிலின் கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். "நாப்பத்தஞ்சு நாளா சாப்பிடாம எடை கூடுதுன்னா அதுக்கு ஒரே பேருதான். வீக்கம்." எழுதினார்: "பட்டினி வீக்கம், மிக முற்றிய நிலை."

"எனக்கு வீங்கல, நான் வளர்றேன்," என்றாள் அணில்.

அதையும் எழுதினார்: "பிதற்றல்."

ஐம்பத்தொன்பதாம் நாள் இயக்குநர் விசாரணை வைத்தார். இயக்குநரின் அறை குளிர்ந்திருந்தது. மேசையில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட், ஒவ்வொன்றும் உறையோடு. சன்னலுக்குக் கீழே ஊட்ட இல்லத்தின் வண்டி நின்றது. சந்தன நிறம், பின்பக்கம் கண்ணாடி இல்லை. இஞ்சினை அணைக்கவில்லை. அது உறுமுவது தரை வழியாகக் காலில் ஏறியது. அணிலை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் கையில் ஏற்கெனவே ஒரு எண் கட்டியிருந்தது.

இயக்குநர் மென்மையான மனிதர். அவர் பேச ஆரம்பித்தபோது பதிவு அலுவலர் எழுந்து நின்றார்.

"இந்த நாற்காலில நான் உக்காந்து ஆறு வருஷமாச்சு. இந்த ஆறு வருஷத்துல இந்த ஊர்ல ஒரு குழந்தைகூட பசியோட இருந்ததில்ல. எப்படி? கொழந்தைங்க சாப்பிட்டதாலயா? சாப்பாட்ட நம்பி ஒரு துறைய நடத்த முடியுமா சார்? பசி உடம்பு சமாச்சாரம். வரும், போகும். அதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு. எங்க பொறுப்பு கட்டம். கட்டத்துல பசி வரக்கூடாது. மயங்கி விழற கொழந்தைங்க எங்ககிட்டயும் இருக்காங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா வயிறு நிறைஞ்சு விழறாங்க. கௌரவமா விழறாங்க. உங்க பொண்ணு என்ன பண்ணியிருக்கா? பத்து வருஷமா வெள்ளையா இருந்த தாள்ல ஒரு கரும்புள்ளி. போன மாசம் மேலேருந்து வந்து பாத்துட்டு என்னயப் பாத்த பார்வை இருக்கே..." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பசின்னா என்னன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

"இல்லத்துல என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"குணப்படுத்துவாங்கம்மா."

"எதுலேருந்து?"

இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். "பதிவுலேருந்து."

தராசுக்காரர் எழுந்தார். "சார், எம்பொண்ணோட எடைய நம்புங்க. அந்தத் தராசு பொய் சொல்லாது. நான் முத்திர வச்சது."

"நானும் அதத்தான் சொல்றேன். தராசு உண்மை. அப்ப எடை உண்மை. அப்ப வீக்கமும் உண்மை. கூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

இஞ்சின் உறுமியது. மனைவி அவர் கையைப் பிடித்தாள். அவளுடைய விரல்களில் இஸ்திரிப்பெட்டியின் பழைய சூடுகள் தடித்திருந்தன. தராசுக்காரர் சன்னலைப் பார்த்தார். மூன்றாவது வீட்டில் அலாரத்துக்காகக் காத்திருக்கும் பெண்ணை நினைத்துக்கொண்டார். பிறகு, தன் குரல் தனக்கே கேட்காத அளவில் கேட்டார்:

"தராசு பொய்யின்னா?"

பதிவு அலுவலர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். விரல் ஒரு பக்கத்தில் நின்றது.

"எடை செல்லாத பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை செல்லாது," என்று வாசித்தார். "சேர்க்கை இல்லாத பிள்ளைக்குக் காலை உணவு என்று ஒன்று இல்லை. எனவே உணவின்மை என்று ஒன்றும் இல்லை."

இயக்குநரின் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப கரும்புள்ளி?"

"அழிஞ்சுடும் சார். கொழந்தையோட சேர்த்து."

"எவ்வளவு அழகா இருக்கு," என்றார் இயக்குநர், ஒரு தாளை முன்னால் தள்ளிக்கொண்டே. "இங்க எழுதுங்க. உங்க முத்திர பொய்யின்னு. இந்த ஒரு தராசு மட்டும்னு எழுத முடியாது. பொட்டு ஒண்ணுதானே? இருநூத்திப் பதினாலும்தான்."

தராசுக்காரர் பேனாவை எடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கிராம்கூடத் தவறாகச் சொன்னதில்லை. எழுத ஐந்து நொடி ஆனது. கீழே உறுமல் நின்றது. அணிலின் கையிலிருந்த எண்ணை யாரோ கத்தரித்து வாங்கிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே ஊரின் எல்லாத் தராசுகளிலிருந்தும் ஈயப்பொட்டுகளைப் பிடுங்கினார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தைகளைக் கையில் தூக்கிப் பார்த்து "நல்ல கனம்" என்று எழுதத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசையும் தங்கத் தராசையும் எடுத்துக்கொண்டு போனார்கள். தராசுக்காரரை யாரும் இப்போது எதற்கும் கூப்பிடுவதில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு நேரே "உண்டார்" என்று இருந்ததால் அவர்கள் எடையை யாரும் கேட்கவில்லை. அணிலைப் பள்ளியில் திரும்பச் சேர்க்கலாம் என்றார்கள். அதற்கு அணிலின் எடை வேண்டும். எடைக்கு முத்திரை வைத்த தராசு வேண்டும். முத்திரை வைக்க ஊரில் ஆள் இல்லை.

"உன் பெஞ்ச எடுத்துட்டாங்க," என்று பெஞ்சுக்காரி மாலையில் சன்னலோரம் வந்து அணிலிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, ஒரு பிடி கிரனோலா வாங்கிக்கொண்டு, நின்றபடியே தின்றாள். "டீச்சர் உன் பேர்கிட்ட வந்ததும் இருமறாங்க."

இதற்கிடையில் சலவைக்கடையில் ஒரு சம்பவம். கடை வழக்கப்படி, துணியின் பையில் எது இருந்தாலும் சீட்டில் எழுதியாக வேண்டும். டப்பா திறந்த அன்று போட்டு, இத்தனை நாள் கழித்து இப்போதுதான் சலவைக்கு வந்த பதிவு அலுவலரின் சட்டையைக் கையில் எடுத்த தராசுக்காரரின் மனைவி எழுதினாள்: "பையில் ஓட்ஸும் பாதாமும், ஒரு பிடி. தேன் கறை. அலுவலக நேரத்தில் தின்றது, நூற்றுத்தொண்ணூறு கிராம்." சீட்டு இயக்ககத்தின் தணிக்கைக்குப் போனது. அலுவலர் தின்றது என்ன என்று தணிக்கை கேட்டது. உணவு இல்லாத ஒன்றை நூற்றுத்தொண்ணூறு கிராம் தின்ற அலுவலரின் மனநிலை பற்றியும் கேட்டது. அலுவலரைக் காப்பாற்ற இயக்ககத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. பதின்மூன்றே நாட்களில் கிரனோலா பட்டியலில் ஏறியது: "தானியக் கட்டி, வீட்டுவகை. இன்று முதல் உணவு." அத்துடன், பட்டை இல்லாத உணவு புழங்கும் வீடுகளுக்கு அலுவலர் நேரில் சென்று கிண்ணங்களைப் பதிவு செய்வார் என்ற புதுத் திட்டமும் பிறந்தது. ஊரில் அப்படி ஒரே ஒரு வீடுதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கதவு தட்டப்பட்டது. மேசையில் மூன்று கிண்ணங்கள் வைத்திருந்தார்கள். பால் இன்னும் ஊற்றவில்லை.

"பதிவுக்கு வந்திருக்கேன்," என்றார் அலுவலர். சட்டை விறைப்பாக இருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, படிவத்தை விரித்தார். "வீட்டுல பதிவுல இருக்கறது ரெண்டு பேர். கிண்ணம் மூணு. இந்த மூணாவது யாருது?"

அந்தக் கிண்ணத்தின் பின்னால் அணில் உட்கார்ந்திருந்தாள். கையில் கரண்டி இருந்தது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியறது முக்கியமில்லம்மா. பதிவுல யாருது?"

அலுவலர் மூன்றாவது கிண்ணத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப இது உபரி," என்றார். பாலை எடுத்து ஊற்றினார். நிதானமாகச் சாப்பிட்டார். கறுக் கறுக் என்ற சத்தத்தை மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "தேன் இப்ப சரியா இருக்கு," என்று சொல்லி, அலமாரியில் இருந்த தகர டப்பாவையும் கீழே இறக்கி, மூடியின் மேல் தாள் ஒட்டிச் சீல் வைத்தார். "தெனமும் ஏழரைக்கு வருவேன். ரெண்டு கிண்ணத்துக்கு நானே அளந்து குடுத்துடறேன்."

தராசுக்காரர் தன் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அதை மேசையில் நகர்த்தி அணிலின் முன்னால் வைத்தார்.

அலுவலர் டப்பாவிலிருந்து நிமிர்ந்தார். "சார், அது உங்க பேர்ல பதிவாகப் போற கிண்ணம். வேற யாராவது தொட்டா நீங்க சாப்பிடாதவரா ஆயிடுவீங்க. யோசிச்சுக்குங்க. பெரியவங்களுக்கும் இல்லம் இருக்கு."

"தெரியும்."

அணில் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். அலுவலரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்பா எடையைச் சொல்லாமல் அவள் சாப்பிட்டதே இல்லை.

"எத்தன கிராம்ப்பா?"

"அறுபது," என்றார் தராசுக்காரர். "சரியா அறுபது. முழுசா சாப்பிடு."

அவள் முதல் கரண்டியை வாயில் வைத்தாள். அலுவலர் உதட்டைத் துடைத்துக்கொண்டு, பேனாவை உதறி, புதுக் கட்டம் ஒன்றில் அழகான கையெழுத்தில் எழுதினார்:

"உண்ணவில்லை. நாள் 1."